அட்வான்ஸ் திரும்ப வரல... திடீர்னு காலி பண்ணச் சொல்றாங்க... வாடகை வீட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டைக் காலி செய்து, சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றியாச்சு. சாவியைக் கொடுக்கப் போனால், ஹவுஸ் ஓனர் ஒரு பேப்பரை நீட்டுகிறார்.

"தம்பி, பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை 15,000. நீங்க முன்னாடியே சொல்லாம காலி பண்றதுக்கு ஒரு மாசம் 15,000. கிச்சன் குழாய், சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டை எல்லாம் சேர்த்து 4,500. கடைசி கரன்ட் பில் 1,800. மீதி 38,700 வருது. அதுவும் புது ஆளு குடி வந்து அட்வான்ஸ் குடுத்ததும் ஜிபே பண்ணிடுறேன்."

கொடுத்த அட்வான்ஸ் 75,000 ரூபாய். பாதி காணோம். மீதி பாதி எப்போது வரும் என்றும் தெரியாது. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நகையை அடகு வைத்திருப்பார்கள், இந்தப் பணம் வந்தால்தான் மீட்க முடியும்.

சென்னை, கோவை, திருப்பூர் என எந்த ஊரில் வாடகைக்கு இருந்தாலும் இந்தக் காட்சி புதுசு இல்லை. ஆனால் அந்தப் பேப்பரில் இருக்கும் கணக்கில் எது செல்லும், எது செல்லாது? சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அது நமக்கு வீடு பார்க்கும்போது தெரிவதில்லை, காலி பண்ணும்போதுதான் தேடுகிறோம்.

எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் ரொம்ப காலமாக இருந்தது 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ல் கொண்டுவரப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22-ம் தேதி.

பழைய சட்டத்தில் 'நியாய வாடகை' எவ்வளவு என்று கோர்ட்டே கணக்குப் போட்டுச் சொல்லும். புதுச் சட்டத்தில் அடிப்படை மாறிவிட்டது. நீங்களும் ஓனரும் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களோ, அதுதான் வாடகை. அதனால், அந்த அக்ரிமென்ட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இப்போது முன்பைவிட வெயிட் அதிகம். புரோக்கர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

அரசுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கம்பெனி தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் குவார்ட்டர்ஸும் இதில் வராது.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்?

சட்டம் சொல்வது 3 மாத வாடகை. அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு சின்ன வாசகம் இருக்கிறது: வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. அதாவது 5 மாதம், 10 மாதம் என்று நீங்களே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு '3 மாதம்தானே சட்டம்' என்று வாதாடுவது கஷ்டம். அட்வான்ஸைப் பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். "சட்டத்துல 3 மாசம்தான் சார் இருக்கு" என்று சொல்லிப் பார்ப்பதில் தப்பில்லை. வாடகைக்கு ஆள் கிடைக்காமல் இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் ஓனர் இறங்கி வருவார்.

திருப்பித் தருவதில் சட்டம் இன்னும் தெளிவு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். 'புது ஆள் வந்தால்தான் தருவேன்' என்பது ஊர் வழக்கமே தவிர, சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. அடுத்த ஆள் வருகிறாரா, வரவில்லையா என்பது ஓனரின் கவலை.

சரி, அந்த பில்லுக்கு வருவோம்

முதலில் பெயின்ட். தமிழ்நாட்டில் அட்வான்ஸ் சண்டையில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கும். யார் எந்த ரிப்பேரைப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பட்டியல் போட்டே பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது ஓனர் பக்கம் வருகிறது. கட்டடத்தின் பெரிய ரிப்பேர்கள், தண்ணீர்க் குழாய் லைனை மாற்றுவது, ஒயரிங் மாற்றுவது எல்லாமும் அவர் பொறுப்புதான்.

வாடகைதாரர் பக்கமும் பட்டியல் நீளம்தான். குழாய், வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, டாய்லெட், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், கிச்சன் ஃபிட்டிங்ஸ், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசு வலை என்று போகிறது. "குழாய் ஒழுகுது அங்கிள், ஆள் அனுப்புங்க" என்று நாம் போன் போடுகிற பல வேலைகள் சட்டப்படி நம்ம செலவு!

ஆனால் இதிலும் ஒரு கண்டிஷன். அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். 'காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்' என்ற வரி இன்று டைப்பிங் சென்டர்களில் ரெடிமேடாகவே இருக்கிறது. அந்த வரி உங்கள் அக்ரிமென்ட்டில் இருந்தால் 15,000 போனது போனதுதான். இல்லை என்றால், வாயால் சொல்லிப் பிடிக்க முடியாது.

ஆணி ஓட்டை விவகாரம் கொஞ்சம் ஜவ்வு. நான்கு வருஷம் குடியிருந்த வீட்டில் காலண்டர் மாட்ட இரண்டு ஆணி அடித்திருப்பது புழக்கத்தில் வரும் தேய்மானம். டைல்ஸை உடைத்து ஏசி பைப் இழுத்திருந்தால் அது சேதம். இரண்டையும் ஒரே விலையில் போட முடியாது. கிச்சன் குழாய் உங்கள் கணக்கு என்பது மேலே பார்த்ததே. எவ்வளவு செலவானது என்பதற்கு பில் கேளுங்கள். ரசீது இல்லாத குத்துமதிப்புத் தொகையை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

நோட்டீஸ் இல்லாமல் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை? அக்ரிமென்ட்டில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் முன்னறிவிப்பு என்று எழுதியிருந்து, நீங்கள் சொல்லவில்லை என்றால் ஓனர் கேட்பது நியாயம். எதுவுமே எழுதாத மாத வாடகைக் குடியிருப்பு என்றால், சொத்து மாற்றச் சட்டத்தின் 106-வது பிரிவு 15 நாள் நோட்டீஸ் என்கிறது. போனில் சொன்னேன், மாடியில் பார்த்தபோது சொன்னேன் என்பதெல்லாம் பிறகு நிற்காது. வாட்ஸ்அப்பில் தேதி போட்டு ஒரு மெசேஜ், முடிந்தால் ஒரு ஸ்பீட் போஸ்ட். அவ்வளவு போதும்.

கரன்ட் பில் 1,800 கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அது இ.பி. பில்லில் உள்ள தொகையா, ஓனர் போட்ட ரேட்டா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதை ஓனர் எடுத்துக்கொண்டு, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிப்பது பல இடங்களில் நடக்கிறது. குடி போகும்போதே இ.பி. சர்வீஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, தனி மீட்டரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தனி மீட்டர் என்றால் நீங்களே நேரடியாகக் கட்டிவிடலாம், பிரச்சினையே இல்லை.

11 மாத அக்ரிமென்ட்... அது என்ன 11 கணக்கு?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் என்கிறது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க வந்த ஐடியாதான் 11 மாதம். பத்திரம் வாங்கி, டைப் அடித்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிடுவோம்.

புதுச் சட்டத்தில் இந்த ஐடியா வேலைக்கு ஆகாது. 11 மாதமோ, 3 வருடமோ, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஆன்லைன் வசதியும் இருக்கிறது. பதிவானதும் ஒரு நம்பர் தருவார்கள். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று சட்டத் திருத்தமும் வந்துவிட்டது.

இதைச் சொன்னால் பல ஓனர்கள் முகம் சுளிப்பார்கள். வருமான வரியில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். ஆனால் பதிவு செய்யாததால் அவர்களுக்கும் நஷ்டம்தான். நாளைக்கு வாடகை பாக்கி என்று வழக்குப் போட வேண்டிய நிலை வந்தால், முதல் கேள்வியே 'ஒப்பந்தம் எங்கே?' என்பதுதான். வாடகைதாரருக்கும் இதில் ஆபத்து உண்டு. எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணம் காட்டி, காலி செய்ய உத்தரவிடுமாறு ஓனர் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. 'இருபது வருஷமா இதே வீட்டுலதான் இருக்கோம், ஓனர் நல்லவரு, அக்ரிமென்ட் எல்லாம் எதுக்கு' என்று இருப்பவர்கள், அந்த நல்ல ஓனரின் பிள்ளைகள் காலத்தில்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

திடீர்னு காலி பண்ணச் சொன்னா?

ஓனர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாளைக்கே சட்டி பானையைத் தூக்க வேண்டியதில்லை. நீங்களாகப் போகவில்லை என்றால், அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் சட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இருக்கணும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் இருப்பது, ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டவோ பெரிய ரிப்பேர் பார்க்கவோ வீடு தேவைப்படுவது, ஓனருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ குடியிருக்கத் தேவைப்படுவது போன்றவை அந்தக் காரணங்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்காமல் நீங்கள் தொடர்ந்து இருந்தால் அதே நிபந்தனைகளில் அதிகபட்சம் 6 மாதம் வரை நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தால் வழக்கமான வாடகையைவிட அதிகத் தொகையை இழப்பீடாகக் கேட்க ஓனருக்கு உரிமை வந்துவிடும். 'கேஸ் போட்டா பத்து வருஷம் ஓட்டலாம்' என்பது பழைய சட்டக் காலத்துப் பேச்சு.

"வீட்டை வித்துட்டேன், அடுத்த மாசம் காலி பண்ணுங்க" என்பது அடிக்கடி வரும் இன்னொரு கதை. விற்றால் ஓனர்தான் மாறுகிறார், உங்கள் ஒப்பந்தம் மாறுவதில்லை. மீதிக் காலத்துக்குப் புது ஓனருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கலாம். உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் அட்வான்ஸ் பழைய ஓனரிடம் இருந்து புது ஓனருக்குப் போய்விட்டதா என்று இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும் நாளில் "நான் உங்ககிட்ட பணமே வாங்கலையே" என்று ஒருவரும், "அதான் வீட்டையே குடுத்துட்டேனே" என்று இன்னொருவரும் சொல்வார்கள்.

மோட்டாரை ஆஃப் பண்ணுவது, பூட்டுப் போடுவது

கோர்ட்டுக்குப் போக நேரமாகும் என்று சில ஓனர்கள் குறுக்கு வழியில் இறங்குவார்கள். தண்ணீர் மோட்டார் ஓடாது. ஃபியூஸ் காணாமல் போகும். வேலைக்குப் போய்விட்டு வந்தால் கேட்டில் புதுப் பூட்டு தொங்கும்.

இதற்கு எந்தக் காரணமும் செல்லாது. வாடகை பாக்கி இருந்தாலும்கூட தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பூட்டுப் போடுவது, சாமான்களை வெளியே வைப்பது, மிரட்டுவது போன்றவை போலீஸில் புகார் கொடுக்கக்கூடிய விஷயங்கள். 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்த்தாலும், மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள்.

அதேபோல, ஸ்பேர் சாவி இருக்கிறது என்று ஓனர் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தனியாகத் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. வாடகையை வாங்க மறுப்பது! இரண்டு மாதம் வாங்காமல் இருந்துவிட்டு, 'பாக்கி வைத்துவிட்டார்' என்று கேஸ் போடுவது. மணியார்டரிலோ வங்கி வழியாகவோ வாடகையை அனுப்புங்கள். அதையும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்ய வழி இருக்கிறது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

ஓனர் பக்கமும் நியாயம் இருக்கே?

நிச்சயமாக. ஓனர் என்றாலே வசதியானவர் என்று நினைப்பது தப்பு. பென்ஷன் பணத்தில் மாடி எடுத்து, அந்த வாடகையில் மருந்து வாங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். நான்கு மாதமாக வாடகை தராமல், போனையும் எடுக்காமல் இருக்கும் ஆளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கான வழி, எழுத்துப்பூர்வ நோட்டீஸ், பிறகு வாடகை நீதிமன்றம். ஒப்பந்தம் பதிவாகி இருந்தால் இந்த வழி சுலபம்.

ஓனர்களைத் தூங்க விடாத இன்னொரு பயம்: '12 வருஷம் குடியிருந்தா வீடு வாடகைதாரருக்கே சொந்தமாயிடும்.' இல்லவே இல்லை. 12 ஆண்டு கணக்கு காலவரையறைச் சட்டத்தில் வருவது உண்மை. ஆனால் அது, அனுமதி இல்லாமல், உரிமையாளருக்கு எதிராக, பகிரங்கமாக ஒரு இடத்தை அனுபவிப்பவர்களுக்கானது. வாடகைதாரர் ஓனரின் அனுமதியோடு உள்ளே வந்தவர். குடியிருக்கும் காலத்தில் 'நீ ஓனரே இல்லை' என்று அவர் சொல்ல சாட்சியச் சட்டமே தடை போடுகிறது. இந்தப் பயத்தால் 11 மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் ஓனர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

வாடகையை ஏற்றுவதும் அப்படித்தான். எவ்வளவு, எப்போது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதன்படி ஏற்றலாம். நடுவில் திடீரென்று 'பக்கத்து வீட்டுல 20,000 தர்றாங்க' என்று கேட்க முடியாது. ஒத்துவரவில்லை என்றால் இரு தரப்பும் வாடகை அதிகாரியை அணுகலாம்.

லீஸ் வீடு என்றால் டபுள் கவனம்

மாத வாடகை இல்லை, 5 லட்சமோ 10 லட்சமோ மொத்தமாகக் கொடுத்தால் போதும், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கும். தென் மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். ஆனால் வாடகை வீட்டில் ஏமாந்தால் போவது சில ஆயிரம். இங்கே போவது வாழ்நாள் சேமிப்பு.

ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, தானே ஓனர் போல இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு ஓடிவிடும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஓனருக்கு வாடகை வராத மாதம்தான் விஷயமே வெளியே வரும். எனவே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சொத்து வரி ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். அந்தப் பெயருள்ள ஆளை நேரில் சந்திக்காமல், அவருடைய வங்கிக் கணக்கைத் தவிர வேறு எதற்கும் பணம் போடாதீர்கள். வீட்டின் மேல் பேங்க் லோன் இருந்தால் யோசியுங்கள். தவணை கட்டாமல் பேங்க் ஜப்திக்கு வந்தால், உங்கள் லீஸ் பேப்பரைக் காட்டி நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். காலி செய்யும் நாளில் பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

அந்த 75,000-ல் எவ்வளவு வரணும்?

பெயின்டிங் பற்றி அக்ரிமென்ட்டில் ஒரு வரியும் இல்லை, ஒரு மாத நோட்டீஸ் என்று மட்டும் இருக்கிறது, நீங்கள் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸுக்கு 15,000, கரன்ட்டுக்கு 1,800 போகும். 4,500-ல் குழாய்க்கு பில் காட்டும் தொகை மட்டும். அது 700 ரூபாய் என்றால் மொத்தம் 17,500. உங்களுக்கு வர வேண்டியது 57,500. ஓனர் சொன்னது 38,700.

ஒரு மாதம் கடந்தும் வரவில்லை என்றால், கணக்கை எழுதி, வங்கி விவரத்தோடு ஓனருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலான பிரச்சினை அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் உங்கள் பகுதிக்கான வாடகை அதிகாரி யார் என்று கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். துணை ஆட்சியர் அந்தஸ்தில் உள்ளவர்களைத்தான் இந்தப் பொறுப்பில் போடுகிறார்கள். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே ஓனரை அழைத்துப் பேசி சமரசம் செய்து வைக்கவும் அங்கே மனு கொடுக்கலாம்.

போகும்போது அக்ரிமென்ட் காப்பி, அட்வான்ஸ் கொடுத்ததற்கான பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் மெசேஜ் பிரின்ட், காலி செய்த அன்று ஒவ்வொரு ரூமையும் எடுத்த வீடியோ கையில் இருக்கட்டும். குடி போன அன்று எடுத்த வீடியோவும் இருந்தால், ஆணி ஓட்டை யார் அடித்தது என்ற பேச்சே வராது.